திருவாதிரை மங்கியதை அளந்தது யார்? ராட்சத டெலஸ்கோப் காலத்திலும் வெறும் கண்ணுக்கு வேலை இருக்கிறதா?

2019 டிசம்பர். மார்கழிக் குளிரில் கிழக்கு வானில் ஏறி வந்த ஒரு சிவப்பு நட்சத்திரம் வழக்கத்தை விட மங்கலாக இருந்தது. திருவாதிரை.

பெயரைக் கேள்விப்படாத தமிழர் இருக்க முடியாது. களி கிண்டுகிற திருவாதிரை, சிதம்பரத்து ஆருத்ரா தரிசனம் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ஆனால் "வானத்தில் அது எங்கே இருக்கு, காட்டு" என்றால் நம்மில் பலர் முழிப்போம்.

2020 ஜனவரியில் ஆருத்ரா தரிசனம் நடந்த நாட்களிலும் அந்த நட்சத்திரம் மங்கிக்கொண்டேதான் இருந்தது. பிப்ரவரி நடுவில் அதன் வெளிச்சம் வழக்கமான அளவில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறதா என்று உலகம் முழுக்க பேச்சு.

வெடிக்கவில்லை. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசு மேகமாகி, நமக்கும் அதற்கும் நடுவே வந்து மறைத்தது என்று 2021-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சிலியில் இருக்கும் மிகப் பெரிய டெலஸ்கோப் ஒன்று எடுத்த படங்கள் அதற்கு ஆதாரம்.

சரி, எந்த நாளில் எவ்வளவு மங்கியது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அந்த வரைபடத்தில் புள்ளி வைத்தவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் இல்லை. மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் நின்று வானத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதிய சாதாரண மனிதர்கள். பலரிடம் இருந்த கருவி இரண்டு கண்கள் மட்டும்.

பெரிய டெலஸ்கோப்பால் ஏன் முடியாது?

உங்கள் மொபைல் கேமராவை எரிகிற டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். படம் வெளுத்துப் போகும். டியூப் லைட் 20 வாட்டா 40 வாட்டா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? அதேதான் பிரச்னை.

சிலியில் அமைந்துள்ள ரூபின் வான் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் அகலக் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. கோடிக்கணக்கான மங்கலான நட்சத்திரங்களையும் கேலக்ஸிகளையும் திரும்பத் திரும்பப் படமெடுப்பதுதான் அதன் வேலை. அப்படிப்பட்ட கேமராவுக்கு நாம் வெறும் கண்ணால் பார்க்கிற எந்த நட்சத்திரமும் அளவுக்கு மீறிய வெளிச்சம். திருவாதிரை, அது தாங்கக்கூடிய அளவை விட பல லட்சம் மடங்கு பிரகாசம்.

சின்னக் கருவிகளால் பிரகாசமான நட்சத்திரங்களைத் துல்லியமாக அளக்க முடியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பெரிய ஆய்வகமும் ஒரே நட்சத்திரத்தைத் தினமும் பார்ப்பதற்கென்று ஆள் போடாது. டெலஸ்கோப் நேரத்துக்கு அவ்வளவு போட்டி. அந்த இடைவெளியில்தான் அமெச்சூர் வானியலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்று நேற்றல்ல, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக.

1781-ல் யுரேனஸ் கோளைக் கண்டபோது வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் இசைக் கலைஞராகப் பிழைத்துக்கொண்டிருந்தவர். திருவாதிரையின் வெளிச்சம் கூடிக் குறைகிறது என்பதை 1836-ல் முதலில் கவனித்தது அவர் மகன் ஜான் ஹெர்ஷல். இப்படி வெளிச்சம் மாறும் நட்சத்திரங்களைப் பின்தொடர்வதற்காக 1911-ல் அமெரிக்காவில் ஏஏவிஎஸ்ஓ என்ற சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கிய வில்லியம் டைலர் ஆல்காட், தொழிலால் வழக்கறிஞர். அந்தச் சங்கத்தின் கிடங்கில் இன்று 5 கோடிக்கும் அதிகமான பதிவுகள் இருக்கின்றன.

அதில் 37 ஆயிரத்துக்கும் மேல் ஒரே ஒரு வங்காளியுடையது. அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

பரீட்சையில் மூன்று முறை ஃபெயில், வானத்தில் 37 ஆயிரம் பதிவு

ராதா கோபிந்த சந்திரா. 1878-ல் அன்றைய வங்காளத்தின் ஜெசோர் மாவட்டத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது.

பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றார். கல்லூரிக் கதவு அத்தோடு மூடியது. ஜெசோர் கலெக்டர் அலுவலகக் கருவூலத்தில் காசை எண்ணிச் சரிபார்க்கும் சின்ன வேலை கிடைத்தது. பகலில் காசு, ராத்திரியில் நட்சத்திரம்.

1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது ஒரு சிறிய பைனாகுலரை வைத்துக்கொண்டு இரவிரவாகப் பார்த்துக் குறிப்பு எடுத்தார். வங்காளப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். ஆசை அதோடு நிற்கவில்லை. 1912-ல் 3 அங்குல டெலஸ்கோப் ஒன்றை இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தார். அவர் வாங்கிய சம்பளத்தில் அது சாதாரணச் செலவு கிடையாது.

1918 ஜூன் முதல் வாரம். கழுகு நட்சத்திரக் கூட்டம் இருக்கும் பக்கம், அதாவது நம்ம திருவோண நட்சத்திரம் இருக்கிற பகுதியில், வரைபடத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. அது ஒரு நோவா. ஓரிரு நாளில் வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களோடு போட்டி போடும் அளவுக்கு ஒளிர்ந்தது. உலகின் பல மூலைகளில் பலர் அதைத் தனித்தனியாகக் கண்டார்கள். ஆசியாவில் முதலில் கண்டவர்களில் ஒருவராக சந்திரா கருதப்படுகிறார்.

அவர் தன் குறிப்புகளை அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது. மாறும் நட்சத்திரங்களின் வரைபடங்களும் வந்தன. ஏஏவிஎஸ்ஓ-வில் உறுப்பினரானார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜெசோரில் இருட்டும்போது பாஸ்டனில் பகல். அமெரிக்காவும் ஐரோப்பாவும் நட்சத்திரத்தைப் பார்க்க முடியாத அந்த மணி நேரங்களில் யாராவது கண் விழித்திருக்க வேண்டும். கருவூலக் குமாஸ்தா ஒருவர் விழித்திருந்தார்.

1926-ல் சங்கம் அவருக்கு 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமான ஒரு டெலஸ்கோப்பைக் கப்பலில் அனுப்பி வைத்தது. 1928-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு ஒரு விருது கொடுத்தது. இந்த 37 ஆயிரம் பதிவுகளையும் 1919-ல் தொடங்கி 1954 வரை 35 ஆண்டுகளில் அனுப்பினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம். வங்காளத்து மழைக்காலத்தைக் கழித்துவிட்டால் தெளிவான ஒவ்வொரு இரவுக்கும் நாலைந்து. அதில் பெரும்பாலானவை எந்தப் பரபரப்பும் இல்லாத பதிவுகள். நேற்றைப் போலவே இன்றும், இன்றைப் போலவே நாளையும். இதைத்தான் நான் அவருடைய சாதனை என்பேன், நோவாவை அல்ல.

அந்த டெலஸ்கோப் எங்கே போனது?

தேசப் பிரிவினைக்குப் பிறகு சந்திரா இந்தியப் பகுதிக்கு வந்து கொல்கத்தா பக்கம் குடியேறினார். வயதாகிவிட்டது. இனி பார்க்க முடியாது என்றானதும், அமெரிக்காவில் இருந்து வந்த அந்த டெலஸ்கோப் அடுத்த கைக்குப் போனது. அந்தக் கை வைணு பாப்புவுடையது.

பாப்புவைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகத்தை உருவாக்கியவர். அவர் பெயரைத்தான் அந்த ஆய்வகமும் அங்குள்ள 2.3 மீட்டர் டெலஸ்கோப்பும் தாங்கி நிற்கின்றன. அவரும் ஹைதராபாத்தில் மாணவராக இருந்தபோது மாறும் நட்சத்திரங்களைப் பார்த்துப் பழகியவர்தான்.

சந்திராவின் டெலஸ்கோப்பும் கடைசியில் காவலூருக்கே வந்து சேர்ந்தது. அமெரிக்கா, ஜெசோர், காவலூர் என்று மூன்று ஊர் பார்த்த கருவி. சந்திரா 1975-ல் காலமானார்.

காவலூருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே சென்னைக்கும் இந்த வகை நட்சத்திரங்களோடு உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் அன்றைய மெட்ராஸ் வான் ஆய்வகம் இருந்தது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் வெளிச்சம் மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்று பெயர். அவர் அமெச்சூர் இல்லை, ஆய்வக ஊழியர். இருந்தாலும் நுங்கம்பாக்கம் வானத்தில் அன்று அவ்வளவு மங்கலான நட்சத்திரம் தெரிந்தது என்பதை நினைத்தால் இன்று சென்னைவாசிக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

25 வருஷம் காத்திருந்தவர் தூங்கிய ஒரே இரவு

அடுத்தது அமெரிக்கா. ஓஹாயோ மாகாணத்து டெல்ஃபோஸ் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன், லெஸ்லி பெல்டியர். ஸ்ட்ராபெர்ரி பறித்துச் சேர்த்த 18 டாலரில் தன் முதல் டெலஸ்கோப்பை வாங்கினார். 1918-ல் ஏஏவிஎஸ்ஓ-வுக்குப் பதிவு அனுப்பத் தொடங்கியவர், 1980-ல் இறக்கும் வரை நிறுத்தவில்லை. மொத்தம் 1,32,000-க்கும் மேல். அதோடு 12 வால்நட்சத்திரங்கள்.

அவர் பின்தொடர்ந்த நட்சத்திரங்களில் ஒன்று 'டி கரோனே பொரியாலிஸ்'. சுருக்கமாக டி சிஆர்பி. வடக்கு மகுடம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில், சுமார் 3,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

உண்மையில் அது ஒன்றல்ல, இரண்டு. ஒரு சிவப்பு அரக்கன் நட்சத்திரமும், ஒரு வெள்ளைக் குள்ளன் நட்சத்திரமும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அரக்கனிடம் இருந்து ஹைட்ரஜன் வாயுவைக் குள்ளன் உறிஞ்சித் தன் மேல் அடுக்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்த அடுக்கு ஹைட்ரஜன் குண்டு மாதிரி வெடிக்கும். குள்ளனுக்கு ஒன்றும் ஆகாது. மறுபடியும் முதலில் இருந்து சேர்க்கத் தொடங்கும்.

சாதாரண நாட்களில் இதை வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது. வெடிக்கும்போது சில மணி நேரத்தில் 1,000 மடங்குக்கும் மேல் பிரகாசமாகி, துருவ நட்சத்திரம் அளவுக்கு ஒளிரும். ஒரு வாரத்துக்குள் மீண்டும் கண்ணில் இருந்து மறைந்துவிடும்.

1866 மே 12 அன்று அப்படி வெடித்தது. முதலில் கண்டவர் அயர்லாந்தின் டூவம் ஊர்ப் பக்கம் வசித்த ஜான் பர்மிங்ஹாம் என்ற நிலக்கிழார். நள்ளிரவு நேரத்தில் நண்பர் வீட்டில் இருந்து திரும்பி வரும் வழியில் தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். தகவல் கிடைத்த சில நாளில் வில்லியம் ஹகின்ஸ் அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, ஹைட்ரஜன் கொழுந்துவிட்டு எரிகிறது என்று சொன்னார். ஒரு நோவாவின் ஒளியை அப்படி ஆராய்ந்தது அதுவே முதல் முறை. ஹகின்ஸ்? லண்டனில் துணிக்கடைத் தொழிலை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஆய்வகம் கட்டிக்கொண்டவர்.

மறுபடி வெடிக்குமா என்று பெல்டியர் 25 ஆண்டுக்கும் மேல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1946 பிப்ரவரியில் ஒரு இரவு, விடிவதற்கு முன் எழ இரண்டரை மணிக்கு அலாரம் வைத்திருந்தார். எழுந்தார். வானம் தெளிவு. ஆனால் ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி இருந்தது. சரி, இன்று வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று இரவுதான் அது வெடித்தது.

தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்த வெடிப்பை முதலில் பார்த்தவர்களில் சோவியத் நாட்டில் தண்டவாளம் காக்கும் ரயில்வே தொழிலாளி ஒருவரும், வேல்ஸ் நாட்டில் 15 வயதுப் பையன் ஒருவனும் உண்டு. இருவரும் அதற்காகக் காத்திருந்தவர்கள் இல்லை. வானம் அப்படித்தான், யாருக்கும் சீனியாரிட்டி பார்ப்பதில்லை.

ஆனால் பெல்டியரின் உழைப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். 1946 வெடிப்புக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த நட்சத்திரம் கொஞ்சம் பிரகாசமானதும், வெடிப்பதற்குச் சுமார் ஒரு வருடம் முன்பு திடீரென்று மங்கியதும் அமெச்சூர்களின் பதிவுகளில் இருந்தன. பெல்டியர் எழுதியவையும் அந்தக் கிடங்கில் சேர்ந்தவைதான். பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க விஞ்ஞானி பிராட்லி ஷேஃபர் அந்தப் பழைய பதிவுகளைத் தூசு தட்டி வரைபடமாக்கினார்.

2023-ல் அதே மாதிரி மங்கல் மறுபடியும் தெரிந்தது. 1866, 1946, அதாவது 80 ஆண்டு இடைவெளி. அப்படியென்றால் அடுத்தது நெருங்கிவிட்டது! 2024-ல் நாசா உள்பட எல்லோரும் பரபரப்பானதற்குப் பின்னால் இருந்த ஆதாரம் இதுதான். செயற்கைக்கோள் எதுவும் இல்லாத காலத்தில், யாரோ சிலர் குளிரில் நின்று எழுதிய எண்கள்.

2024 முடிந்தது. அது வெடிக்கவில்லை. முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு இது ஒரு சறுக்கல்தான். இரண்டே வெடிப்புகளை வைத்து மூன்றாவதுக்குத் தேதி குறித்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் கருத்து. இந்த விளையாட்டில் சில வருடம் முன்பின் ஆவது சகஜம்.

'தெரியவில்லை' என்பதும் ஒரு தகவல்

1866 கதையில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. பர்மிங்ஹாம் அதைக் கண்ட அதே இரவில், சில மணி நேரம் முன்னால், ஏதென்ஸ் ஆய்வகத்தில் ஜூலியஸ் ஷ்மிட் என்பவர் வானத்தின் அதே பகுதியைப் பார்த்திருந்தார். அங்கே புதிதாக எதுவும் இல்லை என்பது அவருக்கு நிச்சயம்.

அந்த 'இல்லை'யால்தான் சில மணி நேரத்துக்குள் அது வெடித்து எழுந்தது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஒருவர் பார்த்தார், ஒருவர் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நேரம் கிடைக்கிறது.

அடுத்த முறை வெடிக்கும்போதும் விஞ்ஞானிகளுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த முதல் சில மணி நேரம்தான். அது இந்திய இரவில் நடந்தால்? அமெரிக்காவில் பகல் வெளிச்சம். ஐரோப்பாவிலும் இன்னும் முழுதாக இருட்டியிருக்காது. தெற்காசியாவில் யார் மாடியில் நிற்கிறார்களோ அவர்கள்தான் சாட்சி. சந்திராவின் காலத்தில் இருந்த அதே இடைவெளி இன்றும் இருக்கிறது, ஏனென்றால் பூமி சுற்றுவது மாறவில்லை.

ரோபோ டெலஸ்கோப்புகள் வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?

நேர்மையாகச் சொன்னால், சில வேலைகள் அமெச்சூர்களின் கையை விட்டுப் போய்விட்டன. வால்நட்சத்திரம் தேடுவது அப்படி ஒன்று. 1963-ல் ஜப்பானில் ஒரு பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி, 19 வயது கவோரு இக்கேயா, தானே செய்த டெலஸ்கோப்பில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று பெரும்பாலானவற்றை வானத்தைத் தானாகவே அலசும் டெலஸ்கோப்புகள் முந்திக்கொண்டு பிடித்துவிடுகின்றன.

ஆனாலும் ஓட்டை உண்டு. 2023 ஆகஸ்டில் ஜப்பான்காரர் ஹிதேயோ நிஷிமுரா சாதாரண கேமராவில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடித்தார். அது சூரியனுக்கு அருகே வந்துகொண்டிருந்த பக்கம். ரோபோக்கள் அங்கே அவ்வளவாகப் பார்ப்பதில்லை. 2019 ஆகஸ்டில் கிரிமியாவில் கென்னடி போரிசோவ், தன் கையால் செய்த 65 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் கண்ட வால்நட்சத்திரம், நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த விருந்தாளி என்று தெரிந்தது.

எனக்குப் பிடித்தது அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து விக்டர் புசோ. பூட்டுத் தொழிலாளி. 2016 செப்டம்பர் 20 இரவு புதுக் கேமரா வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு கேலக்ஸியைத் தொடர்ந்து படமெடுத்தார். படங்களின் நடுவே ஒரு புள்ளி முளைத்துப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடிக்கும் அந்தக் கணத்தின் முதல் ஒளியை அவர் பிடித்துவிட்டார். 2018-ல் வெளியான 'நேச்சர்' ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

அதிர்ஷ்டம்தான். ஆனால் அன்று இரவு அவர் மாடி ஏறாமல் இருந்திருந்தால் அந்த அதிர்ஷ்டம் யாருக்கும் வந்திருக்காது.

கண்ணால் மதிப்பிடுவது கேமரா அளவுக்குத் துல்லியம் கிடையாது. அதுவும் உண்மை. பழகிய கண் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வித்தியாசத்தைச் சொல்லும்; நல்ல கேமரா நூறில் ஒரு பங்கைச் சொல்லும். ஆனால் 1866-ல் பார்த்தவர்களிடமும் 1946-ல் பார்த்தவர்களிடமும் இருந்தது மனிதக் கண்தான். அந்தப் பழைய பதிவுகளோடு ஒட்டிப் பார்க்க, இன்றும் அதே கருவியில் எடுத்த அளவு வேண்டும்.

சரி, நான் எப்படிப் பார்ப்பது?

முதல் எதிரி, இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற மொபைல். அதைப் பையில் போட்டுவிட்டு 20 நிமிடம் இருட்டில் நில்லுங்கள். கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். இடையில் ஒரு முறை வாட்ஸ்அப் பார்த்தால் மறுபடி முதலில் இருந்து.

திருவாதிரையில் தொடங்குவது சுலபம். நகரத்து வெளிச்சத்திலும் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் இரவு 8 மணியில் இருந்து 9 மணிக்குள் உச்சி வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் சின்னதாக ஒரு வரிசையில் நிற்கும். அதற்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. தெற்கே நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரைஜல். அந்த வரிசையை வடமேற்காக நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. திருவாதிரைக்குக் கிழக்கே தனியாக நிற்பது ப்ரோசியான்.

நட்சத்திர வெளிச்சத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்வார்கள். பரீட்சை ரேங்க் மாதிரி, எண் சிறிதானால் பிரகாசம் அதிகம். ப்ரோசியான் 0.4. ரோகிணி 0.9. இப்போது திருவாதிரையைப் பாருங்கள். ப்ரோசியானை விட மங்கல், ரோகிணியை விடப் பிரகாசம், ஏறக்குறைய நடுவில் என்று தோன்றினால் 0.6 அல்லது 0.7 என்று எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது. சந்திரா 37 ஆயிரம் தடவை செய்ததும் இதே ஒப்பீடுதான், டெலஸ்கோப் வழியாக.

2020 பிப்ரவரியில் இது 1.6 வரை இறங்கியது. அதாவது அதே கூட்டத்தில் இன்னொரு மூலையில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்குச் சமமாக. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது இருப்பதை விடப் பிரகாசமாகத் தோன்றும். மாறி மாறிச் சட்டென்று பார்க்க வேண்டும். அதை விட முக்கியம், போன வாரம் என்ன எழுதினோம் என்பதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் அதையே திருப்பிச் சொல்லும். ஏமாற்றுவது வேறு யாரும் இல்லை, நம்ம மூளைதான்.

டி சிஆர்பி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைப் பின்தொடருங்கள். அது கொண்டுபோய் விடும் இடம் சுவாதி நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், சுவாதியில் இருந்து கிழக்குப் பக்கமாக இரண்டு முஷ்டி தூரத்தில் அரை வட்டமாக ஒரு சிறிய மகுடம். அதில் பிரகாசமானது ஆல்ஃபெக்கா, மேக்னிட்யூட் 2.2. மகுடத்தின் கிழக்கு முனையில் உள்ள மங்கலான எப்சிலான் நட்சத்திரத்துக்கு மிகப் பக்கத்தில்தான் டி சிஆர்பி ஒளிந்திருக்கிறது. ஜூன் கடைசி, ஜூலையில் இரவு 9 மணிக்கு மகுடம் ஏறக்குறைய நம் தலைக்கு மேல், சற்று வடக்கே இருக்கும். மார்ச், ஏப்ரலில் என்றால் நள்ளிரவு தாண்ட வேண்டும். தென்மேற்குப் பருவ மேகங்கள் தொல்லை கொடுக்கும் முன் பார்த்து இடத்தைப் பழகிக்கொள்வது நல்லது.

ஆல்ஃபெக்காவுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே பிரகாசத்தில் இன்னொரு நட்சத்திரம் நின்றால், உடனே நேரத்தைக் குறித்துவிட்டு எல்லோருக்கும் போன் போடுங்கள்.

பெரும்பாலான இரவுகளில் நிற்காது. அப்போதும் எழுத வேண்டும். உலகம் முழுக்க ஒரே நேரக் கணக்கு வேண்டும் என்பதால் இந்திய நேரத்தில் இருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து எழுதுவது வழக்கம். இரவு 9 மணிக்குப் பார்த்தால் 15:30. எப்சிலான் கண்ணுக்குத் தெரிந்து, பக்கத்தில் வேறு எதுவும் இல்லை என்றால், எப்சிலானின் மேக்னிட்யூட் 4.1 என்பதால், அந்த வரி இப்படி இருக்கும்: "டி சிஆர்பி, 15:30, தெரியவில்லை, 4.1-ஐ விட மங்கல்." சென்னை மாதிரி ஊரில் எப்சிலான் தெரியவில்லை, ஆல்ஃபெக்கா மட்டும் தெரிகிறது என்றால் "2.2-ஐ விட மங்கல்."